வேலையை விட்டுப் போக முடிகிறதா?

2013 ஏப்ரல் 23. வங்கதேசத் தலைநகர் டாக்காவை ஒட்டிய சாவரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டிடத்தில் விரிசல் விழுந்தது. தொழிலாளர்கள் பார்த்தார்கள், தொலைக்காட்சியிலும் வந்தது. கீழே இருந்த கடைகள் மூடப்பட்டன. அங்கே கிளை வைத்திருந்த வங்கி, தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மறுநாள் காலை, மேல்தளங்களில் இருந்த ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே போனார்கள். ஒன்பது மணி ஆவதற்குள் கட்டிடம் சரிந்தது. இறந்தவர்கள் 1,134 பேர்.

விரிசல் விழுந்தது தெரிந்தும் ஏன் போனார்கள்? பலர் வாசலிலேயே நின்று தயங்கினார்கள். வராவிட்டால் மாதச் சம்பளம் கிடையாது என்று மிரட்டப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் பின்னர் சாட்சி சொன்னார்கள். அது மாதத்தின் கடைசி வாரம். கிட்டத்தட்ட முழு மாதமும் தைத்து முடித்த கூலி இன்னும் முதலாளியின் கையில்தான் இருந்தது. அந்தத் தொழிலில் அப்போது குறைந்தபட்ச மாத ஊதியம் 3,000 டாகா (வங்கதேச நாணயம்). வாடகையும் மளிகைக் கடன் பாக்கியும் போக மிச்சம் வைக்கக்கூடிய தொகை அல்ல அது. அதை இழந்தால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது. விரிசல் விழுந்த சுவரைவிட அந்த மிரட்டல் அவர்களுக்கு நிஜமாக இருந்தது.

முதலாளியின் அதிகாரம் என்றதும் நமக்கு அதட்டும் மேஸ்திரியும் பூட்டிய கேட்டும்தான் நினைவுக்கு வரும். பெரும்பாலான இடங்களில் அவ்வளவெல்லாம் தேவைப்படுவதில்லை. ‘எனக்கு இந்த வேலை வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வெளியேறினால் ஒரு தொழிலாளி எவ்வளவு இழப்பார் என்பதிலேயே அந்த அதிகாரம் இருக்கிறது. இழப்பு பெரிதாகப் பெரிதாகக் கூலி குறையும், வேலை நேரம் நீளும், வசவு கூடும். வளரும் நாடுகளில் கூலி ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்விக்கு, ‘உற்பத்தித் திறன் குறைவு, ஆட்கள் அதிகம்’ என்ற பதிலோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். அந்தப் பதிலில் உண்மை உண்டு. ஆனால் அது பாதிதான் என்பது என் உறுதியான கருத்து.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மின்கம்பத்துக்கு மின்கம்பம் ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸ். டெய்லர், செக்கிங், ஹெல்பர், ‘தங்குமிடம், உணவு இலவசம்’. தொழில் அமைப்புகளின் கூட்டங்களிலும் ஆள் பற்றாக்குறைதான் பேச்சு. ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஏஜென்ட் வைத்து ஆள் கொண்டுவருகிறார்கள். ஒரு பொருளுக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை ஏற வேண்டும் என்பது சந்தையின் பாலபாடம். தக்காளிக்கு ஏறுகிறது. உழைப்புக்கு மட்டும் நோட்டீஸ் ஒட்டப்படுகிறதே தவிர, கூலி ஏன் அதே வேகத்தில் ஏறுவதில்லை?

பிரிட்டிஷ் பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இல் எழுதிய நூலில் இதற்கு விடை இருக்கிறது. 1920-களில் குவாலியரில் வாழ்ந்தவர், பிற்காலத்தில் திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு வந்து பாடம் நடத்தியவர் அவர். பொருளை விற்பவர் ஒருவரே என்றால் விலையை ஏற்றுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். உழைப்பை வாங்குபவர் ஒருவரோ சிலரோதான் என்றால் என்ன நடக்கும் என்று ராபின்சன் கேட்டார்.

கணக்காகவே பார்க்கலாம். ஓர் ஆலையில் 100 பேர், நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்னும் ஓர் ஆள் வேண்டும். 550 கொடுத்தால்தான் வருவேன் என்கிறார் ஒருவர். அவருக்கு மட்டும் 550 கொடுத்தால் மற்ற 100 பேரும் சும்மா இருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் 50 ரூபாய் ஏற்ற வேண்டும். ஆக, அந்த 101-வது ஆளால் ஆலைக்கு ஆகும் செலவு நாளொன்றுக்கு 550 அல்ல, 5,550 ரூபாய். அவர் 1,000 ரூபாய்க்கு உற்பத்தி செய்து கொடுப்பவராக இருந்தாலும் அவரைச் சேர்த்துக்கொள்வது நஷ்டம். இடத்தைக் காலியாக விட்டுவிட்டு நோட்டீஸ் ஒட்டுவதே லாபம். 500 ரூபாய்க்கே வரக்கூடியவரைத் தேடி வெகுதூரம் ஆள் அனுப்புவதும் லாபம். பற்றாக்குறைப் புலம்பலும் ஏறாத கூலியும் ஒன்றாகவே இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இதே கணக்கில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. எல்லோருக்கும் 550 கொடுத்தாக வேண்டும் என்று சட்டமோ தொழிற்சங்க ஒப்பந்தமோ ஏற்கெனவே சொல்லியிருந்தால், 101-வது ஆளுக்கு ஆகும் செலவு வெறும் 550-தான். அவரைச் சேர்த்துக்கொள்வார்கள். அதாவது, முதலாளியின் பிடி இறுக்கமாக இருக்கும் இடத்தில் கூலியை உயர்த்தினால் வேலைவாய்ப்பும் கூடலாம். எந்த அளவுக்கு உயர்த்தினாலும் கூடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ‘கூலி ஏறினால் வேலை போகும்’ என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி இல்லை.

இந்தப் பிடி எப்படி உருவாகிறது? ஊரில் ஒரே ஓர் ஆலைதான் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டாரத்தில் ஸ்பின்னிங் மில்களுக்குக் குறைவில்லை. ஆனால் மில் வளாகத்துக்குள் இருக்கும் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு உலகில் ஒரே ஒரு மில்தான் உண்டு. படுக்கை மில்லுடையது, சாப்பாடு மில்லுடையது, ஷிப்ட் விட்டால் நடக்கும் பாதை மில்லுடையது. வெளியே போக வார்டன் அனுமதிக்க வேண்டும். பக்கத்து மில்லில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கக்கூட அவருக்கு வழியில்லை.

2000-களில் இந்த விடுதி முறையோடு சேர்ந்து பரவியதுதான் ‘சுமங்கலித் திட்டம்’. மூன்று ஆண்டு வேலை பார்த்தால் முடிவில் 30,000, 50,000 என்று மொத்தமாகக் கொடுப்பார்கள், திருமணத்துக்கு உதவும் என்று ஏஜென்டுகள் தென்மாவட்டக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். வரதட்சிணைக் கவலையில் இருந்த பெற்றோருக்கு அது பெரிய தொகை. உண்மையில் அது மாதாமாதம் கொடுத்திருக்க வேண்டிய கூலியிலிருந்து நிறுத்திவைத்த பணம். 34-வது மாதத்தில் உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போன பெண்ணுக்கு அந்தத் தொகை கிடைக்காமல் போன கதைகள் எத்தனையோ. பஞ்சுத் தூசியில் இருமல் வந்தாலும், மாதவிடாய் நாளில் ரிங் பிரேமுக்கு முன்னால் எட்டு மணி நேரம் நடக்க முடியாவிட்டாலும், சூப்பர்வைசர் தொடக்கூடாத இடத்தில் தொட்டாலும், அந்தப் பெண் போட்ட கணக்கு ஒன்றுதான்: இன்னும் எத்தனை மாதம் பாக்கி? ஆய்வறிக்கைகளும் வெளிநாட்டு வாங்குபவர்களின் கேள்விகளும் வந்த பிறகு அந்தப் பெயரை மில்கள் கைவிட்டன. விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் ‘கேம்ப் கூலி’ முறை போகவில்லை. இப்போது அதில் வடமாநிலப் பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் வார்டனின் கை இன்னும் ஓங்கும்.

பூட்டு எப்போதும் கடைசியில் கொடுக்கும் பணமாகவே இருப்பதில்லை. முதலில் கொடுக்கும் பணமாகவும் இருக்கும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிப் பட்டறைகளில் தறி ஓட்டுபவர் வேலைக்குச் சேரும்போதே முன்பணம் வாங்குவார். அதற்குப் பாக்கி என்று பெயர். கல்யாணம், பிரசவம், ஆஸ்பத்திரி என்று அது ஏறிக்கொண்டே போகும். வேறு பட்டறைக்குப் போக வேண்டுமானால் புது முதலாளி பழைய முதலாளிக்குப் பாக்கியைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். தறிக்காரர்களைக் கேட்டால் பாக்கி வேண்டும் என்றுதான் சொல்வார்கள். எந்த வங்கியும் அவர்களுக்கு அந்தத் தொகையைக் கொடுக்காது. வெளியே வாங்கினால் கந்துவட்டி. கடன் கிடைக்கும் ஒரே இடம் வேலைத்தலமாக இருப்பதுதான் இங்கே கோளாறு. செங்கல் சூளையில் இதே முன்பணம் குடும்பத்தையே ஒரு சீசன் முழுக்கக் கட்டிப்போடுகிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். இன்றும் சூளைகளிலிருந்து குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

படித்தவர்களுக்கு இது நேராது என்று நினைக்க வேண்டாம். பேராசிரியர்களின் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொண்ட சுயநிதிக் கல்லூரிகளும், ‘பாண்டு’ எழுதி வாங்கிக்கொண்டு செவிலியர்களை வேலைக்கு எடுத்த மருத்துவமனைகளும் செய்தது இதையேதான்.

எதிர் உதாரணமாகத் திருப்பூரைச் சொல்லலாம். பனியன் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு நெருங்கியிருக்கும் ஊர். சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு திங்கள்கிழமை வேறு கம்பெனிக்குப் போய் உட்காரும் டெய்லர்கள் அங்கே ஏராளம். பீஸ் ரேட் கட்டவில்லை என்றால் போய்விடுவார்கள் என்பது கான்ட்ராக்டருக்கும் தெரியும். அந்த ஊரில் 1984-இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கங்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் உட்கார்ந்து கூலி ஒப்பந்தம் போடும் மரபு அங்கே வேர் பிடித்ததில் அந்தப் போராட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. திருப்பூரைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. இதே ஊரில் செக்கிங், மடிப்பு வேலை பார்க்கும் பெண்களுக்கு அந்தச் சுதந்திரம் பாதிகூட இல்லை. குழந்தை பள்ளி விட்டு வருவதற்குள் வீடு திரும்ப வேண்டும், ஷேர் ஆட்டோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதால் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இரண்டு மூன்று கம்பெனிகள்தான் அவர்களுடைய சந்தை. 2021-இல் பெண்களுக்கு வந்த கட்டணமில்லா நகரப் பேருந்துப் பயணத்தை எல்லோரும் சேமிப்பாகவே பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் முதலாளியையும் ஒரு பெண் எட்டிப் பார்க்க முடிகிறது.

நிலம் ஒருசிலர் கையில் இருந்த கிராமங்களில் இந்த அதிகாரம் எப்படி இருந்தது என்பதைக் கீழத்தஞ்சை அறியும். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களுக்கு எதிராக நிலவுடைமையாளர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். செங்கொடியை இறக்கச் சொன்னார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி வெறும் தேவை–வழங்கல் கணக்கு என்று சொல்பவர்கள் அந்தக் குடிசைக்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள்?

அண்மைக் காலத்தில் கிராமக் கூலியைப் பற்றி வந்த ஆய்வுகளில் மிக முக்கியமானது ஆந்திரத்தில் நடந்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் மூவரும் ஒன்றுபட்ட ஆந்திரத்தின் 157 மண்டலங்களை எடுத்துக்கொண்டார்கள். நூறு நாள் வேலைக்கான கூலியை ஸ்மார்ட் கார்டு மூலம் ஒழுங்காகக் கொடுக்கும் ஏற்பாடு எந்த மண்டலத்தில் முதலில் வரும், எதில் பின்னால் வரும் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. கசிவு குறைந்து கூலி கைக்கு வந்த இடங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் 14 சதவீதம் உயர்ந்தது. இந்த உயர்வில் பெரும்பகுதி நூறு நாள் வேலையிலிருந்து வரவில்லை. தனியாரிடம் பார்த்த வேலைக்குக் கூலி கூடியதால் வந்தது. கூலி கூடியும் தனியார் வேலைநாட்கள் குறையவில்லை, அதிகரித்தன. நிலம் ஒருசிலரிடம் குவிந்திருந்த ஊர்களில் இந்த விளைவு கூடுதலாகத் தெரிந்தது. ‘இவரிடம் கட்டவில்லை என்றால் ஏரி வேலைக்குப் போய்க்கொள்கிறேன்’ என்று சொல்ல முடிந்த மாத்திரத்தில், அங்கே போகாதவருக்கும் பேரம் பேசும் தெம்பு வந்துவிட்டது.

இப்போது நடந்திருப்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். நூறு நாள் வேலையைத் தந்த 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தை நீக்கிவிட்டு, ‘விபி ஜி ராம் ஜி’ சட்டத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 100 நாள் 125 ஆகிவிட்டது என்பது தலைப்புச் செய்தி ஆயிற்று. மாநிலங்கள் தலையில் 40 சதவீதச் செலவு விழுவதைப் பற்றியும் விவாதம் நடந்தது. எனக்கு மிகவும் உறுத்துவது அதிலுள்ள இன்னொரு விதி. விதைப்பும் அறுவடையும் உச்சத்தில் இருக்கும் காலத்தில் மொத்தம் 60 நாட்களுக்கு இந்த வேலை நடக்காது. விவசாயிக்கு ஆள் கிடைக்கட்டும் என்பது சொல்லப்படும் காரணம். ஆண்டு முழுவதும் வேலைக்குத் தவம் கிடக்கும் கூலிக்காரருக்கு ‘கூடுதலாகக் கொடு’ என்று கேட்கும் வாய்ப்பு இருப்பதே அந்த 60 நாளில்தான். சரியாக அந்த நாட்களில் அவருடைய மாற்று வழியை அரசே அடைத்து வைக்கிறது. சிறு விவசாயியின் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. இடுபொருள் விலையும் கொள்முதல் விலையும் அவரை நெருக்குகின்றன. அதைச் சரிசெய்ய அரசிடம் கொள்முதல், மானியம், இயந்திர வாடகை என்று பல வழிகள் உண்டு. அவரைவிட ஏழையான ஒருவரின் பேரத்தைப் பறித்துக் கொடுப்பது அதில் ஒன்றாக இருக்கக் கூடாது.

வளைகுடாவிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒப்பந்தம் முடிந்த வெளிநாட்டுத் தொழிலாளி வேறு முதலாளியிடம் போக வேண்டுமானால் பழைய முதலாளியின் தடையில்லாக் கடிதம் தேவைப்பட்டது. 2011 ஜனவரியில் அந்த விதி தளர்த்தப்பட்டது. சுரேஷ் நாயுடு உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களின் வருமானம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. பழைய நிறுவனத்திலேயே தங்கிவிட்டவர்களின் விகிதமும் ஏறியிருந்தது. போகலாம் என்ற உரிமை வந்ததும், போகாமல் இருக்க முதலாளிகள் கூடுதலாகக் கொடுத்தார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: புதிதாக வெளிநாட்டிலிருந்து எடுக்கப்பட்டவர்களுக்கான தேவையும் சம்பளமும் சற்றுக் குறைந்தன. செலவே இல்லாத சீர்திருத்தம் எதுவும் இல்லை.

‘நாங்களே வாங்குபவர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கிறோம், எங்களுக்கு என்ன அதிகாரம்?’ என்று ஆலை நடத்துபவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகள் ஒரு டி-ஷர்ட்டுக்கு இவ்வளவுதான் என்று சொன்னால், திருப்பூரோ டாக்காவோ சம்மதித்தாக வேண்டும். மறுத்தால் ஆர்டர் அடுத்த நாட்டுக்குப் போகும். ஜாப் ஒர்க்கில் ஓடும் எட்டுத் தறிப் பட்டறைக்காரருக்குத் தன் கூலியையே தீர்மானிக்க முடியாது. அதிகாரம் படிப்படியாக இறங்கி வருகிறது. கடைசிப் படியில் இருப்பவருக்குத் தள்ளிவிட வேறு யாரும் இல்லை. ஆனால் தொழில் ஓடிவிடும் என்ற பயத்துக்கு வங்கதேசமே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. ராணா பிளாசாவுக்குப் பிறகு, 2013 டிசம்பரில் குறைந்தபட்ச ஊதியம் 3,000 டாகாவிலிருந்து 5,300 ஆனது. கட்டிடப் பாதுகாப்புக்குப் பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் வந்தது. 2012-13-இல் சுமார் 2,150 கோடி டாலராக இருந்த ஆயத்த ஆடை ஏற்றுமதி, 2018-19-இல் 3,400 கோடி டாலரைத் தாண்டியது.

பிராண்டையும் ஆலையையும் சங்கத்தையும் ஒரே காகிதத்தில் கையெழுத்திட வைக்க முடியும் என்பதைத் திண்டுக்கல்லும் காட்டியது. 2021 ஜனவரியில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் ஒரு சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் பாலியல் வன்முறைக்கு எதிரான ஒப்பந்தத்தைப் பெற்றது. புகார் சொன்னவரைப் பழிவாங்க முடியாதபடி, வாங்கும் பிராண்டையும் அது கட்டுப்படுத்தியது. வேலையை விட்டுப் போகாமலே எதிர்த்துப் பேச முடிகிற இடத்தைச் சங்கம்தான் உண்டாக்குகிறது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பரில் தொடங்கி 37 நாள் வெளியே உட்கார்ந்ததும் அந்த இடத்துக்காகத்தான். அவர்களின் முதல் கோரிக்கை சங்க அங்கீகாரம். அந்தச் சங்கத்தைப் பதிவு செய்ய 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தத் தராசை எந்தப் பக்கம் சாய்க்கின்றன? ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300-க்குப் போய்விட்டது. வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். முதலாளி விலக்குவது எளிதாகியிருக்கிறது, தொழிலாளி சேர்ந்து எதிர்ப்பது கடினமாகியிருக்கிறது. ஒரே ஒரு நல்ல மாற்றத்தைக் குறிப்பிட வேண்டும்: குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை. ஐந்து ஆண்டு முடிந்தால்தான் என்ற பழைய விதி, நான்கரை ஆண்டு ஆனவரைக் கட்டிப்போடும் கயிறாக இருந்தது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் அதை ஓராண்டாக்கலாம்.

தமிழ்நாடு அரசுக்குச் சில வேண்டுகோள்கள். கூலியின் எந்தப் பகுதியையும் ‘கடைசியில் தருகிறோம்’ என்று நிறுத்திவைப்பதைத் தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் கூலித் திருட்டாகவே பதிவு செய்ய வேண்டும். விசைத்தறிப் பகுதிகளில் கூட்டுறவு வங்கிகள் பாக்கியை எடுத்துக்கொண்டு தறிக்காரர் பெயரிலேயே சிறு கடனாக மாற்றித் தரலாம். கடன் அவரோடு போகட்டும், பட்டறையோடு வேண்டாம். 60 நாள் தடையை அறிவிக்கும்போது விவசாயத் தொழிலாளர் சங்கங்களையும் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக விடுதி. அரசே நடத்தும் தோழி விடுதிகள் சரியான பாதையில் எடுத்த அடி, ஏனென்றால் அங்கே தங்குவதற்கு ஒரே முதலாளியிடம் இருந்தாக வேண்டியதில்லை. மாறாக, வல்லம் வடகாலில் அரசு நிறுவனமான சிப்காட் 706.5 கோடி ரூபாயில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி, ஃபாக்ஸ்கான் என்ற ஒரே நிறுவனத்தின் தொழிலாளர்களுக்காக ஒதுக்கப்பட்டது. வசதியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வேலையை விட்ட அன்றே படுக்கையும் போய்விடும் என்றால், மக்கள் பணத்தில் கட்டிய கட்டிடமும் மில் விடுதி செய்த வேலையைத்தான் செய்யும். படுக்கையைத் தொழிலாளியின் பெயரில் ஒதுக்கி, வேலையை விட்ட பிறகும் குறைந்தது ஒரு மாதம், பக்கத்துத் தொழிற்பேட்டையில் வேறு வேலை தேடும்வரை, அதே வாடகையில் அவர் அங்கே இருக்கலாம் என்று சிப்காட் ஓர் உத்தரவு போட்டால் போதும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.